டிசம்பர் விடுமுறையில் படகு வேலை: நான்கு வழிகளில் எது குடும்பத்துக்குச் சரி?

படகை அடைக்கவும் பூசவும் இரண்டு திரவங்களைக் கலந்து போடுகிற எபாக்ஸிப் பிசின் டிசம்பர் மழையில் ஒழுங்காக இறுகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளி விடுமுறையில் படகைக் கரையேற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நினைக்கிற யாருக்கும் மற்ற கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்தான். எங்களுடையது 1984இல் கட்டிய 28 அடி ஃபைபர்கிளாஸ் படகு, ஒற்றைப் பாய்மரம், வயதுக்கேற்ற எல்லா வியாதியும் உண்டு. சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை என்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரைதான். அதற்குள்ளேயே என் மனைவி வீட்டுக் கிறிஸ்துமஸ், அம்மாவின் மார்கழிக் கோலம், புத்தாண்டு எல்லாம் வந்துவிடும். நான்கு டிசம்பரில் நான்கு விதமாகச் செய்து பார்த்தோம். எது எப்படி இருந்தது என்று எழுதினால் இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

முதல் வருஷம் இங்கேயே ஒரு யார்டில், அதாவது படகைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கிற இடத்தில், கரையேற்றினோம். இதன் பெரிய வசதி, இரவு வீட்டுக்கு வந்து குளித்துச் சூடாகச் சாப்பிடலாம். யார் வேண்டுமானாலும் பஸ் பிடித்து வந்து கை கொடுத்துவிட்டுப் போகலாம். மாமனார் தினமும் வந்தார். செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டிராவல் லிஃப்ட் என்கிற சக்கரம் வைத்த பாரந்தூக்கி படகைத் தூக்கி நிறுத்திய அன்றே அடிப்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு ரூபாய் நாணயம் அளவில் புடைத்திருந்த ஒரு கொப்புளத்தைக் காட்டி, கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊசிமுனைக் குத்தூசியால் குத்தினார். உள்ளே இருந்த தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தால் வினிகர் வாடை. "மாப்பிள்ளை, இது மேலால வந்த தண்ணி இல்ல, உள்ளயே ஊறிப்போன தண்ணி. காயாம இது மேல எதைப் பூசினாலும் நிக்காது" என்றார். ஃபைபர்கிளாஸுக்குள் மெதுவாகப் புகும் ஈரம் அங்கேயுள்ள பொருள்களோடு சேர்ந்து அமிலமாகி உப்பிக்கொண்டு வருவதுதான் அந்தக் கொப்புளம். குத்தித் திறந்து, சுற்றிலும் அரைத்தெடுத்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் எபாக்ஸியால் அடைக்க வேண்டும்.

காயவிட்டு என்ற அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் விடுமுறை முழுக்கப் போனது. சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிக மழை டிசம்பரில்தான், சராசரி 330 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெயிண்ட் டப்பாவில் பார்த்தால் காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பரப்பின் வெப்பம் பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். இங்கே டிசம்பரில் அந்த இரண்டும் சேர்ந்து அமைவது பகலில் சில மணி நேரம்தான். தார்ப்பாயைக் கூடாரம் போலக் கட்டினோம், உள்ளே ஃபேன் வைத்தோம். அப்படியும் ஈரத்தில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு தடவியது போல ஒரு பிசுபிசுப்பு படிந்தது. அதைத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெழுகை நாமே உள்ளே தேய்த்து ஏற்றுவோம், மேல் பூச்சு உரிந்துவிடும். மழை பெய்கிற நாளுக்கும் யார்டுக்கு வாடகை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

பிள்ளைகளை என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பழைய ஆன்டிஃபௌலிங் பெயிண்டில் செம்பு கலந்த நஞ்சு இருக்கிறது, கடல் உயிர்கள் ஒட்டாமல் இருக்கத்தானே அது. அந்தத் தூசி பிள்ளைகள் மூச்சில் போகவே கூடாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி கட்டாயம் வேண்டும், சின்னவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஆக, குடும்பத்தோடு செய்கிற வேலை என்று ஆரம்பித்தது, நானும் மாமாவும் படகின் அடியில், மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டு, என்று முடிந்தது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போனபோது நான் பாதியில் தூங்கிவிட்டேன். மகள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இரண்டாம் வருஷம், வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்குப் போனோம். கொண்டாட்டம் என்று பார்த்தால் நான்கில் இதுதான் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி, வாசல் நிறையக் கோலம், பிள்ளைகளுக்கு வயது ஒத்த பத்துப் பேர். பொங்கல்வரை இருக்கத்தான் முடியாது, ஜனவரி தொடக்கத்திலேயே இங்கே பள்ளி திறந்துவிடும். படகு விஷயத்தில் மட்டும் இதுதான் கடைசி இடம். போனுக்குப் படங்கள் வந்துகொண்டிருந்தன, பளபளவென்று இருந்தது. ஆறு மாதத்தில் பெயிண்ட் தகடு தகடாக விட்டபோது அடியில் வெள்ளை வட்டங்கள் தெரிந்தன. கொட்டலசு என்கிற ஓட்டுடம்புக் கடலுயிர் ஒட்டியிருந்த அடித்தடத்தைச் சுரண்டாமலே மேலே பூசியிருக்கிறார்கள். வேலை நடக்கும்போது நாமோ நம் ஆளோ பக்கத்தில் இல்லையென்றால் எபாக்ஸி, பெயிண்ட் போன்ற மூடி மறைக்கிற வேலைகளை யாரிடமும் தராதீர்கள். பாய் தைக்கவோ இன்ஜின் பிரிக்கவோ தரலாம், திரும்பி வந்து சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வருஷம் மலேசியாவின் வடமேற்கில் இருக்கிற லங்காவித் தீவு. மழைக்கு இதுதான் சரியான மருந்து என்று இப்போதும் நினைக்கிறேன். வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைத் தீபகற்பத்தின் மலைகள் கிழக்குப் பக்கமே தடுத்துவிடுவதால் டிசம்பர் பின்பாதியிலிருந்தே அங்கே வானம் வெளுக்கத் தொடங்கும், ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல வறட்சி. நானும் ஒரு நண்பரும் டிசம்பர் முதல் வாரம் மலாக்கா நீரிணை வழியாகப் படகை ஓட்டிக்கொண்டு போனோம். ஏறக்குறைய 400 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் நிற்காமல் ஓடினாலே மூன்றரை நாளுக்குக் கிட்ட ஆகும், நாங்கள் போர்ட் டிக்சன், கிள்ளான், பங்கோர், பினாங்கு என்று நின்று நின்று போனோம். பகலில் கப்பல் பாதையை விட்டுக் கரையோரமாகப் போனால் மீன் வலை, இரவில் மிதக்கும் மரக்கட்டை. ஒரு கணம்கூடக் கண் அயர முடியாத பயணம் அது. குடும்பம் விமானத்தில் வந்து சேர்ந்தது.

அங்கே வேலை நடந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. காலையில் அரைத்த இடம் மாலையில் கை வைத்தால் உலர்ந்து சொரசொரவென்று இருக்கும். அங்கே எங்களுக்கு வந்த தொல்லை வேறு மாதிரி. வெயிலில் எபாக்ஸி கோப்பைக்குள்ளேயே கொதித்துப் புகைய ஆரம்பித்துவிடும். அதனால் எபாக்ஸியை இறுக வைக்கிற ஹார்டனரில் மெதுவானதாக வாங்கி, கலந்தவுடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிக்கொள்வோம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலப்போம். 1987லிருந்தே லங்காவி வரியில்லாத் தீவு, படகுச் சாமான்களுக்கு அது ஒரு நல்ல உதவி. முதல் வருஷம் அரைகுறையாக விட்ட கொப்புளங்கள் எல்லாவற்றையும் அங்கேதான் ஒழுங்காக முடித்தோம்.

ஆனால் மாமா வரவில்லை, முழங்கால் வலி. அம்மாவும் வரவில்லை. யார்டில் நிற்கிற படகில் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும், கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது, கொசு வேறு. ஐந்தாம் நாளே மனைவி பக்கத்தில் அறை எடுத்துக்கொள்ளலாம் என்றாள், எடுத்தோம். கிறிஸ்துமஸ் அன்று நால்வரும் கடற்கரையில் சப்பாத்தியும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதிக் குடும்பம் இல்லாத கிறிஸ்துமஸ். வீடியோ காலில் மாமா கேட்டது கொப்புளத்தைப் பற்றித்தான், சுஜி கேக் எப்படி வந்தது என்று மாமி கேட்டதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன டிசம்பரில் படகைத் தூக்கவே இல்லை. சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் ஒரு மரினாவில் (படகுத்துறையில்) ஒரு மாதத்துக்குப் பொண்டூன் என்கிற மிதக்கும் மேடையோரம் இடம் பிடித்து, தண்ணீரில் மிதந்தபடியே உள்வேலை, மேல்வேலை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மின்சாரம் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கைப்பிடித்து அழைத்தால் அம்மாவும் மாமாவும் ஏறிவிடலாம். முதல் வருஷம் எங்களைத் துரத்திய மழை இதில் வேலைக்காரனாக மாறியது. தளத்தில் எங்கே ஒழுகுகிறது என்பது பழைய படகில் பெரிய புதிர், உள்ளே சொட்டுகிற இடத்துக்கு மேலேயே ஓட்டை இருக்காது. ஓர் ஆணி வழியாகப் புகுந்த தண்ணீர் உள்கூரையில் ஓடி எங்கோ ஒரு மூலையில் வந்து சொட்டும். ஹோஸ் பைப் வைத்து இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்காகும். டிசம்பர் மழை தினமும் பிற்பகலில் வந்து இலவசமாகச் சோதித்துத் தந்தது.

அதற்கு மகள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு இந்த நான்கு வருஷத்திலும் மிகப் பிடித்தது. மேலே தளத்தில் இருக்கிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் நேர் கீழே, அலமாரித் தட்டுகளிலும் பலகை விளிம்புகளிலும் அம்மாவின் கோலமாவை மெல்லிய கோடாக இழுத்துவிட்டாள். "அரிசி மாவு போடாதடி, எறும்பு வந்துரும், கல்மாவு போடு" என்று அம்மாவே டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மழை நின்றதும் டார்ச் அடித்துப் பார்த்தால் மாவில் தண்ணீர் ஓடிய தடம் புழு ஊர்ந்தது போல அப்படியே இருக்கும். தடத்தின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால் குற்றவாளி போல்ட் கிடைத்துவிடும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் மாட்டும் இரும்புத் தகடு ஒன்றிலும், கைப்பிடிக் கம்பிகளின் அடியில் மூன்று இடத்திலும் ஒழுகியது. கழற்றி, பழைய சிலிகோனை முழுக்கச் சுரண்டி, துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாக அகலப்படுத்தி, பியூட்டில் டேப் என்கிற பிசின் போன்ற ஒட்டுநாடாவைச் சுற்றி மறுபடி முடுக்கினோம். சரிவு முக்கியம், டேப் அமுங்கித் தங்க அங்கே இடம் வேண்டும். மேலே ஒருவர் ஸ்குரூவை அசையாமல் பிடிக்க, கீழே ஒருவர் நட்டை முடுக்க வேண்டும். மேலே அவளும் கீழே நானும்.

சின்னவன் மாமாவோடு வின்ச்சை, அதாவது பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளையை, பிரித்தான். அதன் உள்ளே இருக்கிற குட்டி ஸ்பிரிங் துள்ளிக் கடலில் விழுந்தால் போச்சு, அதனால் அட்டைப்பெட்டியின் அடியில் வட்டமாக ஓட்டை போட்டு வின்ச்சைச் சுற்றி மாட்டிவிட்டுத்தான் மாமா கழற்ற விட்டார். பல்சக்கரத்துக்கு மெல்லிசாகக் கிரீஸ், தாழ்ப்பாள் போன்ற அந்தச் சின்ன நாக்குகளுக்கு எண்ணெய் மட்டும். அதில் கிரீஸ் வைத்தால் ஒட்டிக்கொண்டு பிடிக்காது, பிடி விட்ட வின்ச் கைப்பிடி எலும்பை உடைக்கும். மனைவி பாயின் ஓரத் தையலை மெழுகு நூலால் தைத்தாள். 24ஆம் தேதி மதியத்தோடு வேலையை நிறுத்தினோம். பாய்மரத்தில் பாதி உயரத்துக்குக் காகித நட்சத்திரம் ஏற்றி, உள்ளே படகு பேட்டரியில் எரிகிற சின்ன எல்இடி. இரவு பூசைக்கு எல்லோரும் போனோம், இந்த முறை நான் தூங்கவில்லை. புத்தாண்டு நள்ளிரவில் தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் ஹாரன் அடித்தபோது மாமா எழுந்து நின்றுகொண்டார், பட்டறை நாளில் பழகியது என்றார்.

இந்த வழியிலும் குறை உண்டு. அடிப்பக்கம் அப்படியேதான் கிடக்கும். பொண்டூனில் ஒரு மாதம் நின்ற படகில் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். கரை மின்சாரத்தில் இணைத்திருக்கும்போது படகின் மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்க அடியில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி சீக்கிரம் கரையும், அதை முக்குளிப்பவரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே சமைப்பதானால் கேஸ் வாசனையில் கவனம் தேவை, அது காற்றைவிடக் கனம், கசிந்தால் அடித்தளத்தில் போய்த் தேங்கும். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடுவது எங்கள் வீட்டில் மகள் பொறுப்பு.

ஆகவே என் தேர்வு இதுதான்: கொப்புளம் நிறைய இருந்தால், அடிப்பக்கத்தை இனித் தள்ளிப்போட முடியாது என்றால், லங்காவி, அதுவும் பெரியவர்களுக்கு முதலிலேயே அறை ஏற்பாடு செய்துவிட்டு. மற்ற எந்தப் படகுக்கும் டிசம்பரில் தண்ணீரிலேயே வைத்து உள்வேலை. உள்ளூர் யார்டை டிசம்பருக்கு எடுக்காதீர்கள், பிப்ரவரிக்கு எடுங்கள். இங்கே ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் அதுதான், சராசரி நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர். சீனப் புத்தாண்டுக்கு யார்டுகள் மூடியிருக்கும், அந்த நாட்களை மட்டும் பார்த்துக்கொண்டு தேதி குறிக்க வேண்டும். நாங்கள் வரும் பிப்ரவரிக்குச் சொல்லிவைத்துவிட்டோம். டிசம்பருக்கு மீதி இருப்பது கழிப்பறைப் பம்பும் பழைய வயர்களும். அம்மா இப்போதே இரண்டு கிலோ கல்மாவு தேக்காச் சந்தையில் வாங்கி வைத்துவிட்டார், ஒரு டப்பா வாசலுக்கு, ஒரு டப்பா படகுக்கு.