என்பிடெல்: பாடத்தின் பெயரைவிட நடத்துபவர்தான் முக்கியம்

2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் என்பிடெல் (NPTEL). வகுப்புகளைப் பார்க்கக் காசு கிடையாது. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இவ்வளவு நல்ல ஆசிரியர்கள் எந்த ஊர் மாணவருக்கும் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் எல்லா வகுப்பும் ஒரே தரம் இல்லை.

பதிவு செய்யுமுன் அந்தப் பாடத்தின் பழைய வீடியோக்களை யூடியூபில் தேடி, முதல் வாரத்தில் ஒன்று, ஏழாம் வாரத்தில் ஒன்று பாருங்கள். முதல் வாரம் எல்லோருமே நன்றாக நடத்துவார்கள். ஏழாவதில்தான் தெரியும். ஆசிரியர் கணக்கைக் கையால் எழுதிப் போடுகிறாரா, ஸ்லைடை வாசிக்கிறாரா? எழுதும்போது வேகம் தானாகக் குறைந்து, கேட்பவரின் பேனாவோடு சேர்ந்து வரும். ஸ்லைடில் பத்து வரியும் ஒரேயடியாக வந்து விழும். மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி எப்படி வந்தது என்பதே விட்டுப்போகும். 'புரியும்படி நடத்துகிறார்' என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இடைப்படியைத்தான். சூத்திரம் வருவிக்கும் பகுதியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் இதே கதிதான்.

பலவீனம் பின்னூட்டத்தில். வாராந்தர அசைன்மென்டுக்கு விடை, கெடு முடிந்த பிறகே வரும். அதற்குள் அடுத்த பாடம் ஓடத் தொடங்கியிருக்கும். கேள்விகள் பெரும்பாலும் கொள்குறி வகை என்பதால், தவறு என்று தெரியும், எந்தப் படியில் என்று தெரியாது. எனவே கணக்கைத் தாளில் போட்டுப் பத்திரப்படுத்தி, விடை வந்ததும் வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆய்வு மாணவர்கள் நடத்தும் நேரலை வகுப்பு உங்கள் பாடத்துக்கு இருந்தால் தவறவிடாதீர்கள். சந்தேகம் கேட்க அதைவிட நல்ல இடம் இதில் இல்லை.

மதிப்பெண் முறை நியாயமானது. அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளை எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழுக்கு 25க்கு 10, 75க்கு 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். இணையத்தில் விடை பார்த்து அசைன்மென்டில் 25 வாங்கியவர் தேர்வில் 29 எடுத்தால், மொத்தம் 54 இருந்தும் சான்றிதழ் கிடையாது.

இன்னொன்று: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனிக் கெடு உண்டு. சான்றிதழில் வர வேண்டிய பெயரை அப்போதே சரியாக எழுதிவிடுங்கள்.