மாஸ்ற் விண்தொலைகாட்டிக் களஞ்சியம்: இரண்டு மெகாபைற்றில் ஒரு கோள்

கார்த்திகை மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில், யாழ்ப்பாணத்துக்குத் தெற்கு வானில் ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் வாஸ்ப்-18 என்ற விண்மீன் உச்சம் கடக்கும். அந்த மாதத்து மழைமுகிலில் அது தெரியாது. முகில் விலகினாலும் வெறுங்கண்ணுக்குப் படாது. அதை ஒரு கோள் 22 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அந்தக் கோளின் பருமனை வீட்டு மேசையில் இருந்தபடியே அளந்துவிடலாம். அதற்கு வேண்டிய தரவைத் தருவது மாஸ்ற்.

அமெரிக்காவின் பால்ரிமோரில் உள்ள விண்தொலைகாட்டி அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. 2012இல் செனற்றர் பாபரா மிகுல்ஸ்கியின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. ஹபிள், ஜேம்ஸ் வெப், கெப்ளர், ரெஸ் ஆகிய விண்தொலைகாட்டிகளின் தரவுகள் இங்கே இருக்கின்றன. இவற்றில் ரெஸ், விண்மீன்களின் ஒளியைத் தொடர்ந்து அளந்து, கோள் முன்னே கடக்கும்போது ஏற்படும் மங்கலைத் தேடுவது. கசினி, வொயேஜர் போன்ற விண்கலங்களின் கோள்தரவு தேடுவோர் நாசாவின் வேறொரு களஞ்சியத்துக்குப் போகவேண்டும். பொதுத்தரவுக்குக் காசும் இல்லை, கணக்குத் திறக்கும் வேலையும் இல்லை. ஆனால் ஜேம்ஸ் வெப் அவதானிப்புகள் பலவற்றுக்கு 12 மாதப் பூட்டு உண்டு. அந்தக் காலத்தில் நேரம் கேட்டுப் பெற்ற ஆய்வாளர் மட்டுமே அவற்றைத் திறக்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கைபேசி டேற்றாவை நம்பியிருப்பவர் ஜேம்ஸ் வெப் படங்களுக்காக இங்கே வந்தால் களைத்துப்போவார். ரெஸ் ஒளிவளைவுக்காக, அதாவது விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறும் பதிவுக்காக, வந்தால் உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்குக்கூட இதைவிட நல்ல இலவசச் சேவை இல்லை.

சறுக்குவது முதல் தேடலிலேயே. பெயரை மட்டும் தட்டினால் தளம் 0.2 பாகை ஆரைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவரும், பக்கத்து விண்மீன்கள் உட்பட. ஆரையை 0.005 ஆகக் குறைத்து, இடப்பக்க வடிகட்டியில் ரெஸ்ஸை மட்டும் விட்டு, வாஸ்ப்-18இன் இலக்கு எண்ணான 100100827 உள்ள வரியைத் தெரிவுசெய்யுங்கள். அடுத்த பொறி தரவிறக்கக் கூடை. ஒளிவளைவுக் கோப்பு ஏறத்தாழ 2 மெகாபைற். அதே அவதானிப்பின் படத்துண்டுக் கோப்பு பல பத்து மெகாபைற். முழுப்புலப் படம் என்றால் ஒவ்வொன்றும் 35 மெகாபைற் அளவில், ஒரு வலயத்துக்கு (ரெஸ் வானின் ஒரு பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் காலம்) ஆயிரக்கணக்கில். ‘எல்சி’ என முடியும் கோப்பை மட்டும் எடுத்தால் போதும். பல கோப்புகள் வேண்டுமென்றால் ஸிப் பொதியைத் தவிர்த்து கேர்ல் கட்டளைக்கோப்பைத் தெரிவுசெய்வது நல்லது. கோப்புகள் ஒவ்வொன்றாக வருவதால் தொடர்பு அறுந்தாலும் வந்தது கையில் இருக்கும்.

கூடையில் பிடிஎஃப் வடிவில் ஓர் ஆய்வறிக்கையும் கிடக்கும். நீங்கள் கணித்து முடிக்கும்வரை அதைத் திறக்கவேண்டாம். விடைத்தாளைப் பார்த்துக் கணக்குச் செய்வதில் என்ன இருக்கிறது?

டேற்றா இறுக்கமென்றால் இன்னும் நல்ல வழி கூகிள் கொலாப். அதில் பைதனின் லைட்கேர்வ் பொதியை நிறுவி அங்கிருந்தே தேடினால், கோப்பு நேரே கூகிளின் கணினிக்குப் போகும். யாழ்ப்பாணத்துக்கு வருவது வரைபு மட்டுமே. அமர்வு முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் நிறுவலை ஒவ்வொரு முறையும் மீளச் செய்யவேண்டும். தேடும்போது தயாரித்தவர் ‘ஸ்பொக்’ (நாசாவின் ரெஸ் தரவுச் செயலாக்க மையம்), ஒளிபடு நேரம் 120 செக்கன் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு முறையில் திருத்திய வளைவுகள் கலந்துவரும்.

ஒரு வலயம் ஏறத்தாழ 27 நாள், இருபதாயிரத்துக்குக் கிட்டிய புள்ளிகள். நடுவே ஒரு நாளளவில் வெற்றிடம் தெரியும். கோப்பு பழுதில்லை, கலம் பூமிக்கு அருகே வந்து தரவை அனுப்பும் நேரம் அது. தர எண் பூச்சியம் அல்லாத புள்ளிகளை நீக்குங்கள். அவற்றில் பெரும்பாலானவை கலம் தன் சுழற்சியைச் சரிசெய்த கணங்களும் பூமி, சந்திரன் ஒளி சிதறி உள்ளே வந்த நேரங்களும்.

பிறகு விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கி வளைவைத் தட்டையாக்கவேண்டும். கவனம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கவேண்டும். லைட்கேர்வின் இயல்புச் சாளரம் (ஒரே தடவையில் பார்த்துச் சமன்செய்யும் நீளம்) 101 புள்ளி, அதாவது 3 மணி 22 நிமிடம். வாஸ்ப்-18இன் கோள்மறைப்போ, அதாவது கோள் விண்மீனின் முன்னே கடப்பதோ, இரண்டு மணிக்குச் சற்று மேல் நீடிக்கிறது. சாளரம் இவ்வளவு ஒடுங்கியிருந்தால் மென்பொருள் மறைப்பையே அலையென்று நினைத்து விழுங்கிவிடும், ஆழம் குறையும், கோளும் சிறுத்துப்போகும். 901 கொடுங்கள், ஒற்றை எண்ணாகவே இருக்கவேண்டும். ஆவர்த்தனம் தேடும்போது 0.47 அல்லது 1.88 நாள் என்று வந்தால் அது பாதியும் இரட்டிப்பும், சரியானது 0.94. ஒன்றுவிட்ட மறைப்புகளின் ஆழம் வேறுபட்டால் அங்கே இருப்பது கோளாக இல்லாமல் இரட்டை விண்மீனாக இருக்கலாம்.

இந்த ஆவர்த்தனத்தில் வளைவை மடித்து, எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஒளி நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இறங்குவது தெரியும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.1. அதாவது கோளின் ஆரை விண்மீனின் ஆரையில் பத்திலொரு பங்கு. வியாழனைவிடச் சற்றுப் பெரிய கோள். ரெஸ்ஸின் ஒரு படப்புள்ளி 21 விகலை அகலம் என்பதால் அயல் விண்மீன்களின் ஒளியும் கலக்கும். ஸ்பொக்கின் திருத்திய பாய (ஒளியளவு) நிரல் அதைக் கழித்தே தருகிறது, திருத்தாத நிரல் அப்படியில்லை. ஆனால் மெதுவாக மாறும் விண்மீன்களை ஆராய்பவருக்கு அந்தத் திருத்தமே எதிரி, உண்மையான மாற்றத்தையும் அழித்துவிடும்.

ஜேம்ஸ் வெப் பக்கம் வருவோம். 2022 யூலை 12இல் வெளியான முதற் படங்களில் ஒன்றான கரீனா நெபுலாவின் மூலத்தரவு இங்கே கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு அந்த நெபுலா நம் தெற்கு அடிவானத்தின்மேல் ஏறத்தாழ 21 பாகையில் நிற்கும். ‘ஐ2டி’ என முடியும் கோப்பே இணைத்து முடித்த படம். குறுகிய அலைநீளக் கோப்பு நீண்டதைவிட நான்கு மடங்கு கனம், படப்புள்ளி அரைவாசி அகலம் என்பதால். முதலில் நீண்ட அலைநீளத்துக்கான எஃப்444டபிள்யூ வடிகட்டியை எடுத்துப் பழகுங்கள். டிஎஸ்9 மென்பொருளில் திறந்ததும் திரை கறுப்பாகவே இருக்கும். மடக்கை அளவிடைக்கு மாற்றினால் நெபுலா எழும். பிரகாசமான விண்மீன்களின் நடுவே கறுத்த பொட்டுகள் தெரிந்தால், அங்கே உணரி நிரம்பிப்போய் அளவீடு இல்லாமலாகிவிட்டது. கருந்துளை கண்டுபிடித்தேன் என்று முகநூலில் போட்டுவிடவேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைந்த ஒன்று, புதியவரைக் குழப்பும் அந்தத் தேடல் பக்கத்துக்காக. கடைசியாக ஓர் எச்சரிக்கை: ரெஸ்ஸின் நேர நிரலோடு 2457000ஐக் கூட்டினால் யூலியன் நாள் வரும். ஆனால் அது சூரியத் தொகுதியின் திணிவு மையத்துக்குத் திருத்திய நேரம். ஐந்தரை மணி கூட்டி இலங்கை நேரமென்று எழுதினால் எட்டு நிமிடம்வரை பிசகலாம்.