கெப்பாசிட்டர் மாற்றிய மானிட்டர்: ஏழு வருடத்துக்குப் பிறகு

இதை எழுதிக்கொண்டிருப்பதே அந்த மானிட்டரில்தான். 2009இல் வாங்கியது, 22 அங்குலம், 1680×1050. இரண்டு தடவை செத்துப் பிழைத்திருக்கிறது. முதல் தடவை 2015 மார்ச்சில், இரண்டாவது 2018 ஜனவரியில். அந்த இரண்டாவது ரிப்பேருக்குப் பிறகு ஏழு வருடம் தாண்டிவிட்டது, ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. கெப்பாசிட்டர் என்பது போர்டில் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் சின்ன உருளை. அதை மாற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். மாற்றியது எத்தனை வருடம் தாங்கும், எதைப் போட்டால் தாங்கும் என்று சொல்பவர்கள் குறைவு. நான் ஒரு தடவை தப்பாகவும் ஒரு தடவை சரியாகவும் செய்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தைத்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்குத் தொழில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைப்பது. வீடு பெங்களூர் அல்சூரில். சிவாஜிநகர் பக்கத்து அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழில் செய்து கொடுக்கிறேன். நாளுக்கு எட்டு மணி நேரமாவது மானிட்டர் ஓடும்.

2014 டிசம்பரிலேயே அறிகுறி தெரிய ஆரம்பித்தது. பெங்களூர்க் குளிரில் காலையில் சுவிட்ச் போட்டால் படம் வரும், இரண்டு நொடியில் கறுத்துவிடும். அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, நாலைந்து தடவைக்குப் பிறகு நிற்கும். வெயில் ஏறிய பிறகு எந்தத் தொந்தரவும் இருக்காது. காரணம் பின்னால்தான் புரிந்தது. கெப்பாசிட்டருக்குள் மின்பகு திரவத்தில் நனைந்த காகிதம் சுருட்டி வைத்திருக்கும். திரவம் வற்ற வற்ற அதன் உள் தடை ஏறும். குளிரில் இன்னும் ஏறும், சூடானால் கொஞ்சம் இறங்கும். குளிர்ந்த காலையில் அடம்பிடித்து மதியம் ஒழுங்காக இருக்கும் மானிட்டர் என்றால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்மேல் விழலாம்.

மார்ச்சில் ஒரு நாள் மொத்தமாகப் போய்விட்டது. பவர் விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது. உள்ளேயிருந்து நொடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று சத்தம். ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் போர்டையே மாற்ற வேண்டும், 3,200 ரூபாய் ஆகும் என்றார்கள். திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மர்ஃபி டவுனில் என் பெரியப்பா இருக்கிறார். தூரவாணிநகர் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுகளோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். போனில் சொன்னதுமே, “டிக் டிக்னு சத்தம் வருதா? அப்ப சப்ளை இன்னும் சாகலடா. எழுந்திருக்கப் பாக்குது, முடியாம உக்காந்துடுது. தூக்கிட்டு வா” என்றார்.

திறப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கட்டிலில் போர்வை விரித்து, திரையைக் குப்புறப் போட்டு, ஸ்டாண்டைக் கழற்றி, பின்பக்கம் நாலு ஸ்க்ரூவை எடுத்தோம். மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். காலாவதியான ஏ.டி.எம். கார்டைச் சந்தில் நுழைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஓரம் நசுங்கும். உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் டியூப் விளக்குகளுக்குப் போகும் ஒயர்களைக் கனெக்டரைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும், ஒயரை இழுக்கக் கூடாது.

அடுத்து வருவதை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள். பவர் போர்டில் கட்டைவிரல் பருமனில் 450 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி அதில் 325 வோல்ட் வரைக்கும் தேங்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்பக் கூடாது, ஓடாத மானிட்டரில் இன்னும் சந்தேகம். பெரியப்பாவிடம் ஒரு மரப்பலகையில் ஹோல்டர் அடித்து மாட்டிய குண்டு பல்பு உண்டு. அதன் இரண்டு ஒயர் முனைகளையும் கெப்பாசிட்டர் கால்களில் வைத்தார். பல்பின் இழை ஒரு கணம் சிவந்து அணைந்தது. அப்புறம் மீட்டர் வைத்து, 2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் என்னைத் தொட விட்டார். இதைத் தனியாக முதல் தடவை செய்யாதீர்கள், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரியது நன்றாகத்தான் இருந்தது. ஃபியூஸும் போகவில்லை. பக்கத்தில் வரிசையாகச் சின்னதாக ஏழு கெப்பாசிட்டர். ஒவ்வொன்றின் தலையிலும் கூட்டல் குறிபோல ஒரு கீறல் இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்த வழியாகத் திறந்துகொள்ளட்டும் என்று கம்பெனியிலேயே போட்டு அனுப்புவது. மூன்றின் தலை அப்பளக் கொப்புளம்போல உப்பியிருந்தது. அதில் ஒன்றின் கீறல் விரிந்து, விளிம்பில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்த வெல்லப்பாகுபோல ஒட்டியிருந்தது.

2000க்குப் பிறகான சில வருடங்களில் மோசமான திரவம் அடைத்த கெப்பாசிட்டர்கள் சந்தையில் நிறையப் புழங்கி, உலகம் முழுக்க மதர்போர்டுகள் போனது உண்மை. அதனால் உப்பிய கெப்பாசிட்டரைப் பார்த்தாலே பலரும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஆனால் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கை ஒட்டியே கெப்பாசிட்டரை நட்டு வைத்திருந்தால் எந்த வருடத்துச் சரக்கும் ஆறு வருடத்தில் வெந்துவிடும். என்னுடையது அந்த ரகம்.

பெரியப்பா பட்டியல் எழுதிக் கொடுத்தார்: 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் நாலு, 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் மூன்று. மைக்ரோஃபாரட் என்பது கெப்பாசிட்டரின் கொள்ளளவு. பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் சந்துக்குள் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். ஏழும் சேர்த்து 60 ரூபாய். அவர் சொல்லச் சொல்ல நானே ஈயம் வைத்தேன். மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

2017 மழைக்காலத்தில் அதே இரண்டு நொடிக் கறுப்பு திரும்ப வந்தது. 2018 பொங்கல் கழிந்த வாரம் மானிட்டர் நின்றேவிட்டது.

பெரியப்பாவுக்கு அதற்குள் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. போர்டை வெளிச்சத்தில் பிடித்து, நான் போட்ட கெப்பாசிட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “85 டிகிரி போட்டிருக்க. அன்னைக்கு இந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியலடா. சீட்டுல 105னு எழுதித் தந்திருக்கணும்” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தப்பு அவருடையது இல்லை. நான் மைக்ரோஃபாரட்டையும் வோல்ட்டையும் மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன்.

லேபிளில் இருக்கும் அந்த மூன்றாவது எண்ணில்தான் ஆயுள் இருக்கிறது. 2000 மணி நேரம் என்று ஆயுள் கொடுத்தால், அது லேபிளில் உள்ள உச்ச வெப்பநிலையில் ஓடினால் உள்ள கணக்கு. அதிலிருந்து 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் உத்தேச விதி. போர்டின் சூடு 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 85 டிகிரி சரக்குக்கு 20 டிகிரிதான் இடைவெளி, இரண்டு தடவை இரட்டித்தால் 8,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்றால் மூன்று வருடம்கூட வராது. 105 டிகிரி சரக்குக்கு நாலு தடவை இரட்டிக்கும்: 32,000 மணி நேரம், கிட்டத்தட்ட பதினொரு வருடம். என் முதல் ரிப்பேர் மூன்று வருடத்தைத் தொடாமல் போனது. இரண்டாவது இப்போது 20,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது.

இன்னொன்று இ.எஸ்.ஆர். எனும் உள் தடை. மானிட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் போய் வரும். உள் தடை அதிகம் என்றால் அதுவே தன்னைச் சூடேற்றிக்கொள்ளும். சாதா மீட்டரில் இது தெரியாது. தலை தட்டையாக, மீட்டரில் 940 மைக்ரோஃபாரட் காட்டிய ஒன்றைப் பெரியப்பா இ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்தார். 4 ஓம் காட்டியது. ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாத இடம் அது. அதனால் உப்பியதை மட்டும் மாற்றாதீர்கள், அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

இந்தத் தடவை 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். என்று கேட்டு, பானசோனிக்கின் எஃப்.ஆர். வரிசையில் ஏழும் வாங்கினேன். 240 ரூபாய் ஆனது. எஸ்.பி. ரோட்டில் நல்ல சரக்கும் கிடைக்கிறது, போலியும் கிடைக்கிறது. சின்ன கெப்பாசிட்டரைப் பெரிய கூட்டில் அடைத்து மேலே வேறு லேபிள் ஒட்டுவார்கள், கையில் எடுத்தால் எடை இருக்காது. கடைக்காரர், “நூத்தஞ்சு டிகிரி எடுத்துக்கோங்க சார், மானிட்டருக்கு அதான் நிக்கும்” என்று தமிழிலேயே சொன்னார். முதல் தடவையும் நான் எதற்கு என்று சொல்லி வாங்கியிருந்தால் இதைத்தான் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் குறையக் கூடாது, ஏறலாம். ஏறினால் உருவமும் பெரிதாகும், மேலே தகரம் மூடும் இடத்தில் உயரம் இடிக்கும். அதனால் பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. மைனஸ் காலுக்கு நேரே உடம்பில் ஒரு பட்டை இருக்கும். போர்டில் உள்ள குறியை மட்டும் நம்பாமல், கழற்றும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஈயம் இளகாமல் முரண்டு பிடித்தால் கொஞ்சம் புது ஈயத்தை அதன்மேல் வைத்தால் சேர்ந்து உருகும், அப்போது ஈயம் உறிஞ்சும் கருவியால் (சக்கர்) உறிஞ்சிவிடலாம்.

மாற்றி முடித்து முதலில் கரண்ட் கொடுத்தபோது பெரியப்பா அதே பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே போர்டுக்குப் போகும்படி மாட்டினார். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டு தப்பிக்கும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. பச்சை விளக்கு நிலையாக நின்றது.

இப்போதைய நிலை. காலையில் போட்டதும் ஒரே தடவையில் வருகிறது, டிசம்பரிலும். வெளிச்சம் வாங்கிய நாளில் இருந்த அளவு இல்லை. முதல் மூன்று நிமிடம் வெள்ளை கொஞ்சம் மஞ்சளாக இருந்து பிறகுதான் தெளிகிறது. அது உள்ளே இருக்கும் டியூப் விளக்கின் வயது, கெப்பாசிட்டரால் சரியாகாது. அதனால் கலர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலையை மகனின் புது மானிட்டரில் ஒரு தடவை சரிபார்க்கிறேன். எழுத்துக் கோக்க இதுவே போதும். திரையில் கோடு விழுந்த மானிட்டருக்கோ விரிசல் விட்ட மானிட்டருக்கோ இந்த வேலையைச் செய்ய மாட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறது, விளக்கு மட்டும் இல்லை என்றால், கெப்பாசிட்டரோடு விளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் சர்க்யூட்டையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும்.

போன வாரம் அச்சகத்து நண்பர் ஒருவர் டிக் டிக்கென்று சத்தம் போடும் 19 அங்குல மானிட்டர் ஒன்றை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன், 680 மைக்ரோஃபாரட் இரண்டு உப்பியிருக்கிறது. பெரியப்பாவிடம் பல்புப் பலகையைக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போக வேண்டும்.