சுங்கை சிப்புட்டில் 'ஒரு விற்பனையாளனின் மரணம்': அழுகை கூடுதல், ஆசை குறைவு

நாடகத்தின் நாயகன், வயதான விற்பனையாளர் வில்லி லோமன் மேடைக்கு வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் இழப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அமெரிக்க எழுத்தாளர் ஆர்தர் மில்லரின் நாடகத்தைத் தமிழாக்கி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பலநோக்கு மண்டபத்தில் உள்ளூர்க் குழு ஒன்று நடத்திவரும் காட்சியின் முதல் கோளாறு இதுதான். குழுவில் திறமைக்குப் பஞ்சமில்லை. வில்லியைப் பார்த்தவுடன் கூட்டம் பரிதாபப்பட வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்துவிட்டார், அதிலேயே பாதி நாடகம் போய்விட்டது.

மூலத்திலும் வில்லி களைத்துப்போய்த்தான் வருகிறார், கையில் இரண்டு மாதிரிப் பெட்டிகளோடு. ஆனால் உட்கார்ந்த சில நிமிடங்களில் மூத்த மகன் பிஃப்பைச் சோம்பேறி என்று திட்டுகிறார், கொஞ்ச நேரம் கழித்து அவனிடம் சோம்பேறித்தனம் மட்டும் கிடையாது என்று பெருமையும் பேசுகிறார். இரண்டையும் அவர் முழுசாக நம்புகிறார். கூட்டம் இங்கே சிரிக்க வேண்டும். இந்த மேடையேற்றத்தில் இரண்டு வசனமும் ஒரே தழுதழுத்த குரலில் வந்ததால் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காத கூட்டம் கடைசியில் அழவும் அழாது.

இந்த நாடகம் முதன்முதலில் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் ஏறியது. இயக்கம் இலியா கசான், அரங்கமைப்பு ஜோ மீல்சினர். 742 காட்சிகள் ஓடியது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று மில்லர் கறாராக எழுதி வைத்திருக்கிறார்: நடுவில் சமையலறை, அதற்கு வலப்பக்கம் இரண்டடி உயரத்தில் பெற்றோர் படுக்கையறை, பின்னால் ஆறரை அடி உயரத்தில் பையன்கள் அறை. ஆறரை அடி நம் மண்டபங்களுக்கு ஆகாது. மேலே நிற்பவன் தலை முன்திரைக்குள் போய்விடும். மூன்றடியோடு நிறுத்திக்கொண்டது இந்தக் குழுவின் நல்ல முடிவு. படிக்கட்டு ஆடவில்லை, பலகை கிறீச்சிடவில்லை. தச்சருக்குப் பாராட்டு.

ஆனால் உயரத்தைவிட முக்கியமான விதி ஒன்றுண்டு, அதைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். கதை நிகழ்காலத்தில் நடக்கும்போது நடிகர்கள் கண்ணுக்குத் தெரியாத சுவர்களை மதிக்க வேண்டும். இடப்பக்கக் கதவு வழியாக மட்டுமே வீட்டுக்குள் வரலாம். வில்லியின் நினைவில் கடந்த காலம் தொடங்கிவிட்டால் சுவரை ஊடுருவி மேடையின் முன்பகுதிக்கு வரலாம். பார்வையாளருக்கு எது இன்று, எது பதினைந்து வருடத்துக்கு முந்தியது என்று சொல்லும் முக்கியமான அடையாளம் அது. இங்கே வில்லியின் மனைவி லிண்டா நிகழ்காலத்திலேயே துணிக்கூடையோடு சமையலறைச் சுவருக்குள் புகுந்து போனார். அதற்குப் பிறகு பிஃப் பந்தோடு ஓடிவந்தபோது, முப்பத்து நாலு வயசு ஆள் ஏன் பள்ளிப் பையன் மாதிரி துள்ளுகிறான் என்று பின்வரிசையில் பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை. தரையில் வெள்ளை டேப் ஒட்டி இரண்டு ஒத்திகை பார்த்தால் சரியாகிவிடும் விஷயம் இது.

விளக்கிலும் அதே குழப்பம். நிகழ்காலத்தில் வீட்டைச் சுற்றி அடுக்குமாடிகளின் ஆரஞ்சு வெளிச்சம் நெருக்க வேண்டும். பழைய நாட்களில் மேடை முழுக்க இலை நிழல் விழ வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் எல்.இ.டி. விளக்குகளை வைத்து இலை நிழல் போடப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விளக்குக்குள் பல பல்புகள் இருப்பதால் ஒரே இலைக்குப் பல நிழல் விழுந்து எல்லாம் கரைந்துபோகும். பழைய 500 வாட் ஹேலஜன் ஒன்று போதும். அதற்கு நாலடி முன்னால் ஒரு பால்மரக் (ரப்பர் மரக்) கிளையைக் கட்டித் தொங்கவிட்டால் நிழல் தெளிவாக விழும். கிளைக்கா இந்த ஊரில் பஞ்சம்? சூடு பட்டு இலை சுருண்டுவிடும், ஆகவே ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கும் கிளையை மாற்ற வேண்டும்.

இசையைப் பற்றி ஒரே வார்த்தை: கீபோர்டை நிறுத்துங்கள். மூலத்தில் புல்லாங்குழலோடுதான் திரை எழும். வில்லியின் அப்பா புல்லாங்குழல் செய்து ஊர் ஊராக விற்றவர். மகனைக் குழந்தையிலேயே விட்டுப் போனவர். அந்த ஓசை வந்தால் தாத்தா வந்துவிட்டார் என்று பொருள். தொலைக்காட்சித் தொடர் போல ஒவ்வொரு பெருமூச்சுக்கும் வயலின் ஒலியை இழுத்தால் மூன்று தலைமுறைக் கதை ஒரு தலைமுறையாகச் சுருங்கிவிடுகிறது.

முதலாளி ஹோவர்டிடம் வேலை கேட்கும் காட்சிதான் மிகவும் கெட்டுப்போனது. வாரத்துக்கு 65 டாலர் என்று தொடங்கி, 50க்கு இறங்கி, கடைசியில் 40க்குக் கெஞ்சுகிறார் வில்லி. நடிகர் மூன்று தொகையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். ஒவ்வொரு தொகைக்கும் பிறகு ஹோவர்ட் வேறெங்கோ பார்க்க வேண்டும், வில்லி ஒரு நொடி கணக்குப் போட வேண்டும். அந்த இடைவெளியில்தான் மனிதன் குறுகுகிறான். அதோடு, ஹோவர்டின் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துவிட்டு கைப்பேசியைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பழைய குளிர்பெட்டி, அலுவலகத்தில் கைப்பேசி! காலப்பிழையைக்கூட மன்னிக்கலாம். வில்லி தனியாக இருக்கும்போது தவறுதலாகக் கை பட்டு அந்தக் கருவி பேச ஆரம்பித்து, அதை நிறுத்தத் தெரியாமல் அவர் அலற வேண்டும். கைப்பேசியைப் பார்த்து அலறுபவரைக் கண்டால் கூட்டம் சிரிக்கத்தான் செய்யும், சிரித்தது.

இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வெட்டியதில் போகக்கூடாத பகுதி போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெர்னார்ட், இப்போது பெரிய வழக்கறிஞர், பாஸ்டனில் என்ன நடந்தது என்று வில்லியிடம் கேட்கும் இடம். அங்கிருந்து திரும்பிய பிஃப், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி வைத்திருந்த காலணியை எரித்த கதையை அவன்தான் சொல்கிறான். அது இல்லாமல் பாஸ்டன் ஹோட்டல் காட்சி வந்தால், அப்பா வேறொரு பெண்ணோடு பிடிபட்ட சங்கதியாக மட்டும் நிற்கும். மகனின் வாழ்க்கை அங்கே ஏன் நின்றுபோனது என்பது பிடிபடாது. வெட்ட வேண்டுமானால் வில்லியின் அண்ணன் பென் வரும் இடங்களில் ஒன்றைக் குறைக்கலாம். பதினேழு வயதில் காட்டுக்குள் போய் இருபத்தொன்றில் பணக்காரனாக வெளியே வந்ததாக அவர் பீற்றும்போது மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. காட்டோரம் வளர்ந்தவர்களிடம் அந்தக் கதை செல்லுமா? ஆகவே ஒரு தடவை போதும்.

ஹோட்டல் காட்சியில் அந்தப் பெண் கேட்டு வாங்கும் காலுறைப் பெட்டியை மேசைக்குப் பின்னால் கொடுத்தார்கள். முன்மேடையில், நல்ல வெளிச்சத்தில் கைமாற வேண்டும். லிண்டா வீட்டில் கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருப்பதற்கு வில்லி ஏன் சீறுகிறார் என்பதற்குச் சாட்சி அந்தப் பெட்டிதான்.

இவ்வளவுக்கும் நடுவில் லிண்டாவாக நடித்தவருக்காகவே மண்டபத்துக்குப் போகலாம். அப்பாவைக் கவனிக்காத பிள்ளைகளைக் கண்டிக்கும் நீண்ட வசனத்தை அவர் கத்தவே இல்லை. கைவேலையை நிறுத்தாமல் பேசினார். உணவகத்தில் பிஃப்பின் தம்பி ஹேப்பி, இவர் என் அப்பா இல்லை, யாரோ ஒரு ஆள் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு நழுவும் இடமும் பிரமாதம். ஹேப்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முன்வரிசையில் ஓர் அம்மா 'அடப்பாவி' என்றே சொல்லிவிட்டார்.

இறுதியில் வில்லியின் கல்லறையருகே லிண்டா, வீட்டின் கடைசித் தவணை இன்றுதான் கட்டினேன், குடியிருக்க ஆள் இல்லை என்கிறார். புரூக்ளின் வீட்டுக்கு 25 வருடக் கடன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருடைய அப்பாக்கள் அதைவிட அதிக வருடம் ரப்பர் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்து, தோட்டம் கைமாறியதும் சட்டிபானையோடு வெளியேறியவர்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணம் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் அந்த வசனத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாலே போதும். இயக்குநர் அதன் மேலும் கீபோர்டைக் கொட்டினார்.

போகிறவர்களுக்கு: சீட்டு 20 வெள்ளி (ரிங்கிட்), மாணவர்களுக்கு 10. மின்விசிறி இரைச்சலில் சட்டைக் காலர் மைக் திணறுகிறது, பிஃப் அப்பாவைக் கட்டிப்பிடிக்கும்போது 'டப்' என்று அடிக்கிறது; மைக்கை முன்நெற்றி மயிரோரம் ஒட்டினால் தீரும். அதுவரை மூன்றாவது வரிசைக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்க ஒலிபெருக்கி கரகரக்கிறது. தற்கொலை முயற்சி பற்றிய பேச்சும், எரிவாயுக் குழாயும் கதையில் வருவதால் சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டு வருவது நல்லது. சாயங்காலம் மழை பிடித்தால் தகரக் கூரையடியில் இரண்டாம் பகுதியின் பாதி வசனம் காதில் விழாது.