பிளாட்ஃபார்ம்டிர்ஸ்: அமைவுக் கோப்புக்கு இடம் காட்டும் சிறு நூலகம்

மொரீசியஸின் எபேன் சைபர் நகரில் பகல் வேலை முடிந்தபின், மாலை நேரங்களில் நான் எழுதிவரும் பைத்தான் நூலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்று உண்டு. ரூபாய்த் தொகையைத் தமிழ்ச் சொற்களிலும் தமிழ் எண்களிலும் தருவதே அதன் வேலை. மொரீசியஸ் நோட்டுகளில் தமிழ் எண்களைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் தரும் நன்கொடைச் சீட்டிலும் அவை இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். எண்ணை ௧௨௩ என்று காட்டுவதா 123 என்று காட்டுவதா, ‘ரூபாய்’ என்பதா ‘ரூபா’ என்பதா போன்ற விருப்பங்களை அவரவர் தம் அமைவுக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நான் நான்காண்டுகளாகப் பயன்படுத்தி வருவது பிளாட்ஃபார்ம்டிர்ஸ்.

இது முன்பு பரவலாக இருந்த ஆப்டிர்ஸ் நூலகத்தின் கிளையாகத் தோன்றி, அதன் இடத்தைப் பிடித்தது. நிரலின் பெயரைக் கொடுத்தால், லினக்ஸில், எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி மரபுப்படியும், விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறைக்குள்ளும், மேக்கில் லைப்ரரி கோப்புறைக்குள்ளும் உரிய பாதையைத் தருகிறது. லினக்ஸ் பயனர் சூழல் மாறியில் வேறு இடத்தைக் குறித்திருந்தால் அதையும் மதிக்கிறது. வேறு எந்த நூலகத்தையும் சார்ந்திராததால், இதைச் சேர்ப்பது நம் நூலகத்தின் மீது சுமையை ஏற்றுவதில்லை. வர்ச்சுவல்என்வ், பிளாக் போன்ற பைத்தான் கருவிகளும் இதையே நம்பியிருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. விண்டோஸில் ஆசிரியர் பெயர் என்ற மதிப்பைக் கொடுக்காமல் விட்டால், நிரலின் பெயரையே ஆசிரியர் பெயராகவும் எடுத்துக்கொண்டு, ஒரே பெயரில் கோப்புறைக்குள் கோப்புறையாகப் பாதை அமைகிறது. ரோஸ் ஹில்லில் இருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் தொலைபேசியில், “தம்பி, ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதே, எதற்குள் கோப்பை வைப்பது?” என்று கேட்ட பிறகே நான் இதைக் கவனித்தேன். அந்த மதிப்பைப் பொய் (False) என்று வெளிப்படையாகக் கொடுத்தால் சிக்கல் தீரும். ஆனால் இயல்புநிலையே அப்படி இருந்திருக்கலாம். பதிப்பு எண்ணைக் கொடுக்கும் வசதியும் எச்சரிக்கையுடன் தொட வேண்டியது. அந்த எண் பாதையின் ஒரு பகுதியாகிவிடுவதால், சிறு திருத்தம் ஒன்றை வெளியிட்ட மறுநாளே பயனரின் பழைய விருப்பங்கள் எல்லாம் காணாமல் போனதாகத் தோன்றும்.

எனக்கு நேர்ந்த பெரிய இடர் கருவியால் வந்ததன்று. அதை நான் பயன்படுத்திய முறையால் வந்தது. கோப்புறை இல்லையென்றால் தானே உருவாக்கித் தரும் வசதி இதில் உண்டு. அதை, நூலகம் இறக்குமதியாகும் (வேறொரு நிரலுக்குள் ஏற்றப்படும்) தருணத்திலேயே அழைத்திருந்தேன். ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில், எழுதும் உரிமையே இல்லாத கணக்கின் கீழ் என் நூலகம் இயங்க நேர்ந்தபோது, தொகையை மாற்றுவது இருக்கட்டும், இறக்குமதி வரியிலேயே நிரல் நின்றுவிட்டது. அங்கே அமைவுக் கோப்பு யாருக்கும் தேவைப்படவும் இல்லை. பயனரின் மேசையில் இயங்கும் செயலி தனக்கென ஓர் இடம் பிடிக்கலாம். பிறருடைய செயலிக்குள் விருந்தாளியாக இருக்கும் நூலகம், கேட்காமல் வட்டைத் தொடக் கூடாது. இப்போது என் செயற்கூறுகள் எல்லாம் அமைவுப் பொருள் ஒன்றை ஏற்றுக்கொள்கின்றன. அதைக் கொடுக்காவிட்டால் பொதிக்குள்ளேயே இருக்கும் இயல்பு மதிப்புகள் செல்லும். கோப்பிலிருந்து படிக்கும் வேலை தனிச் செயற்கூறு ஒன்றுக்குப் போய்விட்டது; செயலியை எழுதுபவர் விரும்பி அழைத்தால் மட்டுமே பிளாட்ஃபார்ம்டிர்ஸ் அங்கே வேலை செய்யும். சோதனைகளிலும் தற்காலிகக் கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் போதும், என் சொந்தக் கணினியின் விருப்பங்கள் சோதனை முடிவைக் கெடுப்பதில்லை.

இடத்தைக் காட்டுவதோடு இதன் பொறுப்பு முடிகிறது. கோப்பைப் படிப்பது நம் பாடு. பைத்தான் 3.11 முதல், அமைவுக் கோப்புகளுக்கான உரை வடிவமான டாம்லைப் படிக்கும் கூறு உடன் வருகிறது, எழுதும் வசதி மட்டும் அதில் இல்லை. தமிழில் அமைவுக் கோப்பு எழுத விரும்புவோருக்கு ஒரு சொல்: டாம்ல் 1.0 விதிப்படி, மேற்கோள் குறி இல்லாத திறவுச்சொல்லில் (விருப்பத்தின் பெயரில்) ஆங்கில எழுத்து, 0 முதல் 9 வரையான எண், இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். ‘நாணயம்’ என்று எழுத வேண்டுமானால் மேற்கோளுக்குள் இட வேண்டும். சொற்களாக உள்ள மதிப்புகள் எப்படியும் மேற்கோளுக்குள்தான் இருப்பதால், அங்கே தமிழுக்குத் தடையில்லை.

கருவியின் மீது எனக்குள்ள இன்னொரு மனத்தாங்கல் மேக் பயனர்கள் தொடர்பானது. 3.0 பதிப்பில், மேக்கின் அமைவுக் கோப்புறை பிரிஃபரன்சஸ் என்பதிலிருந்து அப்ளிகேஷன் சப்போர்ட் என்பதற்கு மாறியது. பிரிஃபரன்சஸ் ஆப்பிளின் சொந்த வடிவக் கோப்புகளுக்கான இடம் என்பதால் மாற்றம் சரியானதே. ஆயினும் ஏற்கெனவே அங்கே கோப்பு வைத்திருந்தவர்களின் விருப்பங்களைத் தேடி எடுக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. புதிய இடத்தில் கோப்பு இல்லையென்றால் பழைய இடத்தையும் ஒருமுறை பார்க்கும் ஆறு வரி நிரல், இன்றும் என் நூலகத்தில் இருக்கிறது.