ஓஹியோ ஸ்டேடியம்: தோல்வி நாளை வைத்து ஒரு மதிப்பீடு

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி மைதானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர் அணி வென்ற நாளை வைத்தே எழுதுகிறார்கள். கொலம்பஸ் நகரின் ஓஹியோ ஸ்டேடியத்தை நான் இங்கே எடைபோடுவது, 2024 நவம்பர் 30 அன்று அந்நகரின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி தன் பரம எதிரியான மிச்சிகனிடம் 13-10 என்று தோற்ற ஆட்டத்தைக் கொண்டு. கொடுத்த பணத்துக்கு ஒரு மைதானம் என்ன தருகிறது என்பது அத்தகைய நாளில்தான் தெளிவாகத் தெரியும்.

1922-இல் திறக்கப்பட்ட இந்த மைதானம் குதிரை லாட வடிவம் கொண்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமரலாம். இருக்கைகளில் பெரும்பாலானவை சாய்மானமற்ற பெஞ்சுகள் என்பதால், உறையவைக்கும் நவம்பர் குளிரில் கனமான விரிப்பு ஒன்றைக் கொண்டுசெல்வது அவசியம். நடு அடுக்கின் பின்வரிசைகளுக்கு மேலடுக்கு கூரையாக அமைவதால் மழை படாது. ஆனால் உயர எழும் பந்து அங்கிருந்து கண்ணுக்குத் தப்பிவிடும். ஆட்டத்தின் வியூகத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மேலடுக்கே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் மட்டுமே கொண்ட பல்கலைக்கழக வாத்தியக் குழு, ஆட்டத்துக்கு முன் 'ஓஹியோ' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் நடந்தே எழுதிக் காட்டுகிறது. 1936 முதல் தொடரும் இந்த நிகழ்ச்சியில் சூசாஃபோன் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் கலைஞர் ஒருவர் 'ஐ' எழுத்தின் புள்ளியாக வந்து நிற்கும்போது எழும் ஆரவாரத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

இனி ஆட்டம். மிச்சிகனின் பலம் நடுவில் நின்ற மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரு தடுப்பாளர்கள்தான் என்பதும், ஓஹியோ ஸ்டேட்டின் முன்வரிசையில் சைமன்ஸ், மெக்லாஃப்லின் இருவரும் காயத்தால் விலகியிருந்தார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் ஓஹியோ ஸ்டேட் வீரர்கள் பந்தை ஏந்தித் திரும்பத் திரும்ப அந்த நடுப்பகுதிக்குள்ளேயே ஓடினார்கள். அப்படி ஓடிய 26 முயற்சிகளில் அணி முன்னேறியது 77 கெஜம் மட்டுமே. ஓரங்களில், எறியும் பந்தைப் பிடிக்க ஜெரமையா ஸ்மித்தும் எமெகா எக்புகாவும் இருக்கையில் இந்தப் பிடிவாதத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இடைவேளையின்போது 10-10 என்று சமநிலையில் இருந்த ஓஹியோ ஸ்டேட் அதன்பின் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளிகள் பெறும் ஃபீல்ட் கோல் முயற்சிகள் இரண்டு தவறின. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் வீசிய பந்தை மிச்சிகன் இருமுறை பறித்தது. 45 விநாடிகள் மீதமிருக்கையில் மிச்சிகனின் டொமினிக் ஸ்வாடா 21 கெஜத்திலிருந்து உதைத்த பந்து முடிவைத் தீர்மானித்தது. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. உதை தவறியவர்மீது சினம் கொண்டவர்கள் பலர் இருந்தாலும், குற்றம் முதன்மையாக வியூகத்தின்மீதே என்பேன்.

வெற்றிக்குப் பின் தென்கிழக்குக் கோபுரத்தில் ஒலிக்கும் வெற்றிமணிக்கு அன்று வேலை இருக்கவில்லை. மிச்சிகன் வீரர்கள் மைதானத்தின் நடுவே தங்கள் கொடியை நட முயன்றபோது கைகலப்பு மூண்டு, காவலர்கள் மிளகுத் தெளிப்பைப் பயன்படுத்தும் அளவுக்குப் போனது. குழந்தைகளுடன் வருகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் 21 அன்று, இதே மைதானத்தில் ஓஹியோ ஸ்டேட் முதல் நிமிடங்களிலேயே ஸ்மித்துக்குப் பந்தை வீசி, டெனசி அணியை 42-17 என்று வென்றது. ஜனவரியில் தேசியப் பட்டமும் பெற்றது. அந்த மகிழ்ச்சி முழுமையானதுதான், ஆனால் மிச்சிகன் கணக்கு வேறு.

முதன்முறை செல்கிறவர்களுக்கு மிச்சிகன் ஆட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்: டிக்கெட் விலை மிக அதிகம், நெரிசலும் பதற்றமும் அதைவிட அதிகம். செப்டம்பரில் நடக்கும் எளிய ஆட்டம் ஒன்றுக்கு மேலடுக்கு டிக்கெட் வாங்கி, வாத்தியக் குழுவைத் தவறவிடாதபடி தொடக்கத்துக்கு அரைமணி முன்பாகவே இருக்கையில் அமர்ந்துவிடுங்கள்.