பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்ற ஆள் வைத்தோம்: என் அனுபவம்

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் 1994-ல் அப்பா போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன மாதம் 14 ஷீட்டையும் கழற்றிவிட்டு கலர் ஷீட் போட்டோம். செய்து தந்தவர்கள் பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நான்கு பேர். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

முதலில் விலை பேச வந்த வேறொரு ஆள் கட்டிங் மெஷினோடு வந்தார். "போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு சார், அறுத்து இறக்கிடலாம், ஒரு மணி நேர வேலை" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். 22 வருடமாக எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நுரையீரல் உறையில் சுண்ணாம்பு படிந்த வெள்ளைத் திட்டுகள், அடிப்பகுதி முழுக்க வலை பின்னியது போலத் தழும்பு. "மூச்சை இழுத்துப் பிடிங்க ஐயா" என்றேன். மூன்று எண்ணுவதற்குள் இருமிவிட்டார்.

ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட்தான். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஷீட் முழுசாக இருக்கும்வரை சிமெண்ட் அதைப் பிடித்து வைத்திருக்கும். அறுத்தால் நார் காற்றில் கலந்துவிடும். கண்ணுக்கே தெரியாத மெல்லிசு என்பதால் மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டி காற்றுப்பைவரை இறங்கும். அங்கே தூசியை விழுங்கிச் சுத்தம் செய்யும் செல்கள் இருக்கின்றன. நீளமான நாரை அவற்றால் முழுசாக விழுங்க முடியாது. பாதியில் சிக்கி, அழற்சியைக் கிளப்பும் பொருட்களைக் கக்கிவிட்டுச் சாகும். அடுத்த செல் வரும், அதற்கும் அதே கதி. இப்படியே வருடக்கணக்கில் போனால் பஞ்சு மாதிரி இருந்த இடம் தழும்பாக இறுகிவிடும். அதைத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்கிறோம். அது திரும்பச் சரியாகாது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் 20, 40 வருடம் கழித்துக்கூட வரும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு. 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவை 40 வருடமாவது வைத்திருக்கச் சொன்னது சும்மா இல்லை.

சரி, பட்டறைக்காரர்கள் செய்த வேலைக்கு வருகிறேன். வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் சோப்புத் தண்ணீர் நிரப்பி ஷீட்டை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி மாதிரியான ஜே போல்ட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு, மறுநாள் ஸ்பேனரால் கழற்றினார்கள். வராத போல்ட்டை மட்டும் கீழிருந்து கட்டரால் நறுக்கினார்கள். ஷீட்மேல் காலை வைக்காமல் பலகை போட்டு நின்றார்கள். கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கியதில் இரண்டு மட்டும் விரிசல் விட்டன. அவற்றையும் நனைத்து, தடித்த பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டினார்கள். அந்தப் பொறுமைக்கே கூலி தகும்.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது மாஸ்க்குக்காக. துணி மாஸ்க்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த நாருக்கு அது உதவாது. நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட மாஸ்க் நான்கு வாங்கிக் கொடுத்தேன். பதினோரு மணிப் புழுக்கத்தில் கழுத்துக்கு இறக்கிவிட்டார்கள். அப்புறம், கடைசியில் சின்னப் பையன் காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்க ஆரம்பித்தான். ஓடிப்போய் நிறுத்தி, ஈரத் துணியால் துடைக்க வைத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே அண்ணே" என்றான். எனக்கு ஒரு நாள். அவனுக்கு வாராவாரம் இதே வேலை. நான்கு மாஸ்க்கையும் அவர்களிடமே கொடுத்தனுப்பினேன்.